வெள்ளையங்குப்பத்துப் போர்க்கல்

பண்ருட்டியில் பேருந்து ஏறி உட்கார்ந்ததும் என் மடியில் ஒரு பலாப்பழம் வந்து இறங்கியது. அதன் சொந்தக்காரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "காடாம்புலியூர்ல எறங்கிடுவேன் சார், அதுவரைக்கும் சித்த புடிச்சிக்குங்க" என்றார். பிடித்துக்கொண்டேன். வேட்டியைத் தாண்டி முள் தொடையில் குத்தியது. வட பிரான்சில் நான் வசிக்கும் ஊரில், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் தும்மினாலே மன்னிப்புக் கேட்பார். இங்கே பாதிப் பயணம் போனபிறகு அந்த அம்மாள், "கனமா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று பொய் சொன்னேன்.

நான் பாண்டிச்சேரிக்காரன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்களைப் போன்றவர்களைப் பாண்டிச்சேரியில் 'சொல்தா' என்பார்கள். ஓய்வுக்குப் பிறகும் பிரான்சிலேயே தங்கிவிட்டேன். எங்கள் ஊர் எல்லையில், முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து வந்த ஒரு பயனீர் பட்டாளத்துக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. துப்பாக்கி பிடிப்பதைவிடச் சாலை போடவும் குழி தோண்டவும் வந்தவர்கள் அவர்கள். உடல் கிடைக்காதவர்களின் பெயர்களை ஒரு சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வருடம் தவறாமல் நவம்பரில் அங்கே கொடி பிடித்து நிற்பது என் வேலை.

பனியில் வெடித்துப்போன ஒரு பலகையை மாற்றப் போவதாக நினைவுச் சின்னத்தைப் பராமரிக்கும் சங்கத்தில் முடிவெடுத்தார்கள். சங்கத் தலைவி, ஓய்வு பெற்ற ஆசிரியை, என்னைக் கூப்பிட்டார். "நீ தமிழன்தானே, இந்தப் பெயரைச் சரியாக எழுதிக் கொடு" என்றார். பழைய பலகையில் 'மோத்து கரோபின், வெலியன் கூபம், தென்னாற்காடு' என்று இருந்தது. முத்துக்கருப்பனாகவும் இருக்கலாம், முத்துக்குருபரனாகவும் இருக்கலாம். தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கு எப்படியும் ஊருக்குப் போகவேண்டியிருந்தது. அந்த ஊரிலேயே கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துகிற வேலைதானே என்று நினைத்தேன்.

வெள்ளையங்குப்பத்துக்குப் பக்கத்து ஊரான நெய்வேலியின் ஆர்ச் கேட்டில் இறங்கியபோது என் கால்கள் இரண்டும் யாருடையவோ போல இருந்தன. கல்யாண வீட்டில் நான்கு நாள் தூங்கவில்லை. அதற்கு முன் விமானத்திலும் தூங்கவில்லை. வெயில் வேறு. டவுன்ஷிப்புக்குள் மரங்கள் இருந்தன, நேரான சாலைகள் இருந்தன, ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ்கள் வரிசையாக இருந்தன. எதையும் ரசிக்கிற தெம்பு இல்லை. லாட்ஜ் அறையில் மின்விசிறி சுற்றியது, காற்று மட்டும் வரவில்லை. சன்னல் விளிம்பில் விரல் வைத்தால் கருப்பாக ஒட்டியது.

மாலையில் ஓர் ஆட்டோவைப் பிடித்தேன். ஓட்டுநர் பெயர் செந்தில். வெள்ளையங்குப்பம் தெரியுமா, அங்கே பழைய நினைவுக்கல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். "நெனவுக்கல்லா? ஏறுங்க சார்" என்று சொல்லிவிட்டு நேராக ஒரு புல்வெளிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே ஒரு மேடை, மேடைமேல் மனித உயரத்துக்கு ஒரு கரிப்பாறை, கீழே ஒரு பலகை. இந்த மண்ணுக்கு அடியில் கரி இருக்கிறதா என்று முதல்முதலில் துளை போட்டுப் பார்த்தவர்களின் நினைவாக வைத்தது. கிணறு தோண்டினால் தண்ணீரோடு கருப்பாக ஏதோ வந்ததையும், அதன்பின் ஆட்கள் வந்து காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தோண்டிப் பார்த்ததையும் செந்தில் கூடவே இருந்து பார்த்தவர் போலச் சொன்னார்.

கரிப்பாறைக்கு முன்னால் ஒரு கல்யாண ஜோடியை நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஃபிரேம்ல வர்றீங்க" என்றார் புகைப்படக்காரர். தள்ளி நின்றேன். நான் தேடுவது போருக்குப் போனவர்களின் கல் என்று செந்திலிடம் மறுபடி விளக்கினேன்.

"அதா? அது இருந்த ஊரு உள்ள பூடுச்சு சார்."

"எங்கே உள்ளே?"

சுரங்கம் இருந்த திசையில் கையைக் காட்டினார். தூரத்தில் தோண்டிப்போட்ட மண் மலைபோல் குவிந்திருந்தது. "மைன்ஸுக்கு எடுத்துகினாங்க. ஊரையே தூக்கி இந்தாண்ட வச்சிட்டாங்க. புது வெள்ளையங்குப்பம்னு. கல்லையும் தூக்கினு வந்துட்டாங்கன்னு சொல்லுவாங்க. காலைல கூப்புட்டுனு போறேன்."

மெயின் பஜாரில் இரண்டு இட்லி சாப்பிட்டேன். மூன்றாவதை மெல்லும்போது கண் சொருகியது. சப்ளை செய்தவர் தோளைத் தொட்டு, "ஐயா, நைட் ஷிப்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதுவும் ஒருவகையில் உண்மைதான்.

மறுநாள் காலை ஆட்டோ வழியிலேயே நின்றுவிட்டது. செந்தில் அதன் வயிற்றைத் திறந்து எதையோ ஊதினார், உறிஞ்சினார், கடைசியில் தள்ளச் சொன்னார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் எத்தனையோ வண்டிகளைத் தள்ளியிருக்கிறேன், முந்திரித் தோப்பு ஓரத்தில் தள்ளியது இதுவே முதல் தடவை. புது வெள்ளையங்குப்பம் போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பேருந்து நிழற்குடைக்குப் பக்கத்தில் அந்தக் கல் நின்றது. இடுப்பளவு உயரம். ஒரு பக்கத்தில் காதணி விழா சுவரொட்டி. அதை ஒட்டியவர் எழுத்துகளை மறைக்காமல் ஒட்டியிருந்தார், அதற்கு மட்டும் நன்றி. 'இந்தக் கிராமத்திலிருந்து பதினான்கு பேர் 1914-1919 மகா யுத்தத்துக்குப் போனார்கள். அவர்களில் இருவர் உயிர் துறந்தார்கள்.' பெயர்கள் இல்லை. பிரான்சில் எங்கள் பக்கத்தில் ஒவ்வோர் ஊரிலும் தேவாலயத்துக்கு எதிரே ஒரு கல் இருக்கும், பெயர்கள் வரிசையாக இருக்கும், பூந்தொட்டி இருக்கும். யாரும் அதன்மேல் சாய மாட்டார்கள். இங்கே சீருடைக் கோட்டு போட்ட பெண்கள் சிலர் வேலைக்குப் போகும் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். ஐம்பது வயது இருக்கும் ஒருவர் தன் சாப்பாட்டுப் பையைக் கல்மேல் வைத்திருந்தார். நான் குனிந்து படிப்பதைப் பார்த்து அதை எடுத்துக்கொண்டார்.

"இருக்கட்டும்மா."

"படிச்சிக்கங்க. டெய்லி நாங்க இத்தாண்டதான் நிக்கிறோம். யாரும் வந்து படிச்சதில்ல."

முத்துக்கருப்பன் என்ற பெயரில் ஒருவர் இந்த ஊரிலிருந்து போனாரா என்று கேட்டேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பையை எடுத்த பெண், "அது வைத்திலிங்கம் சார் வூட்டு பேருங்க. கொடிக்கம்பத்தாண்ட மாடி வூடு" என்றார். வண்டி வந்தது, ஏறிப் போய்விட்டார்கள்.

வைத்திலிங்கம் எழுபது வயதுக்காரர். சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரான்சிலிருந்து வருகிறேன், முத்துக்கருப்பன் பெயர் அங்கே கல்லில் இருக்கிறது என்று நான் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "எங்க தாத்தா பேரு சார் அது. நாங்க வருசா வருசம் ஆகஸ்ட் பதினஞ்சுக்கு அந்தக் கல்லுக்கு மாலை போடுறோம். ஊர்ல கேட்டுப் பாருங்க, எங்க வூட்டு மாலைதான்."

சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்றார். அவருடைய மனைவி சாந்தா வாழைக்காய் வறுவலும், முந்திரிப்பருப்பு போட்டுக் கூட்டும், ரசமும் வைத்தார். கல்யாண வீட்டு விருந்துகளை எல்லாம் மறக்கடித்த ரசம் அது. கை கழுவித் திரும்பியபோது சுவரில் ஒரு பழைய புகைப்படம் கண்ணில் பட்டது. தலைப்பாகை கட்டிய கிழவர் ஒருவர், கையில் ஒரு கரிக்கட்டி, சுற்றிலும் ஆட்கள்.

"யார் இவர்?"

"தாத்தாதான். மொதமொதல்ல கரி மேல வந்தப்ப ஊர்ப் பெரியவங்கள நிக்கவச்சு எடுத்தது" என்றார் வைத்திலிங்கம் பெருமையோடு.

அசதியில் எனக்கு எதுவும் உடனே உறைக்கவில்லை. ஏப்பம் விட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் கேட்டேன். "எங்கள் ஊர்ச் சுவரில் இருப்பது போரில் இறந்தவர்களின் பெயர்கள். உங்கள் தாத்தா இவ்வளவு வயதுவரை இங்கே இருந்திருக்கிறார். அப்படியானால் அங்கே இறந்தது யார்?"

வைத்திலிங்கம் சுவரிலிருந்த புகைப்படத்தைத் திரும்பிப் பார்த்தார். சமையலறை வாசலில் சாந்தா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். "அம்மாந் தூரத்திலேருந்து வந்திருக்காரு. சொல்லிடுங்க" என்றார்.

வைத்திலிங்கம் சொன்னது இதுதான். போருக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் ஊருக்கு இத்தனை பேர் வேண்டும் என்று கேட்டபோது, பெரிய வீடுகளின் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். முத்துக்கருப்பனின் அம்மா அழுது புரண்டார், ஒரே மகன். அவர்கள் வீட்டுப் பண்ணையில் வேலை செய்த ஒருவரை முத்துக்கருப்பன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் திரும்பவில்லை. இறந்தவர்களின் குடும்பத்துக்கு அனுப்பும் வட்டமான வெண்கலத் தட்டு, முத்துக்கருப்பன் என்று பெயர் பொறித்து, உயிரோடு இருந்த முத்துக்கருப்பன் கைக்கே வந்து சேர்ந்தது.

"தாத்தா அத வூட்ல வச்சிக்கல சார். காலனிக்குப் போயி அந்த ஆளு பொண்டாட்டிகிட்ட குடுத்துட்டு வந்தாரு. அதுக்கப்புறம் ரெண்டு வருசம் யாரோடயும் பேசலையாம். எங்கப்பா சொல்லுவாரு."

"அந்த ஆள் பெயர் என்ன?"

"அது... அவங்களுக்குத்தான் தெரியும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சார், நீங்க முத்துக்கருப்பன்னே எழுதிடுங்க. நூறு வருசமா அப்பிடித்தான இருக்கு. இப்ப மாத்துனா எங்க தாத்தா ஆள மாத்தி அனுப்புனவருன்னு ஆயிடும். எனக்குப் பேரன் பேத்தி இருக்கு."

என்னால் மறுக்கவும் முடியவில்லை, ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. அவர் வீட்டுச் சோறு வயிற்றில் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். பிரான்சிலிருந்தே எழுதிக் கேட்டிருந்தால் முத்துக்கருப்பன்தான் என்று பதில் வந்திருக்கும், வேலை முடிந்திருக்கும். அதைச் செய்யாமல் வெயிலில் வந்து நிற்கிற என் புத்தியை நொந்துகொண்டேன்.

ஷிப்டு முடிந்து பெண்கள் இறங்கும்வரை நிழற்குடையில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். யாரோ பேச்சுக்குரல் கேட்டு விழித்தபோது காலையில் பார்த்த அதே பெண். பெயர் அஞ்சலை. போருக்குப் போனவரைப் பற்றிக் காலனியில் யாரைக் கேட்கவேண்டும் என்று விசாரித்தேன்.

"என்னத்தான் கேக்கணும்" என்றார். "எங்கப்பனோட தாத்தாதான் போனவரு."

"காலையிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா."

"நீங்க முத்துக்கருப்பன்னு கேட்டீங்க. அது அவங்க பேரு. எங்க ஆளு பேரு சின்னப்பையன்."

அந்த வெண்கலத் தட்டு எங்கே என்றேன். சாப்பாட்டுக்கு இல்லாத ஒரு காலத்தில் பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டார்களாம். அதைச் சொன்னபோது அவர் குரலில் வருத்தம் எதுவும் இல்லை. பிறகு என்னைக் கேட்க ஆரம்பித்தார். "அங்க பொதைச்சாங்களா, எரிச்சாங்களா?" உடல் கிடைக்கவில்லை, பெயர் மட்டும்தான் சுவரில் இருக்கிறது என்றேன். "எடம் எப்பிடி இருக்கும்?" வயல்காடு, பக்கத்தில் பீட்ரூட் போல ஒரு கிழங்கு பயிரிடுவார்கள், மழை நிறைய என்றேன். "குளுருமா?" ரொம்பக் குளிரும் என்றேன். அதற்கு மட்டும் உச்சுக்கொட்டினார்.

"அவர் பெயரை அங்கே வெட்டச் சொல்லட்டுமா?"

சாலையின் இருபுறமும் பார்த்தார். "வெட்டுனா நல்லதுதான். ஆனா நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. என் பையன் வைத்திலிங்கம் சாரோட தம்பி காண்ட்ராக்ட்ல வேல செஞ்சிகினு இருக்கான். இப்பதான் சேத்துகினாங்க."

அன்று லாட்ஜில் படுத்தும் தூக்கம் வரவில்லை. பட்டாளத்தில் யாரோ உத்தரவு போடுவார்கள், நாம் செய்வோம். அதில் ஒரு நிம்மதி உண்டு. முத்துக்கருப்பன் என்று எழுதினால் வைத்திலிங்கம் சந்தோஷப்படுவார், சங்கத் தலைவி பாராட்டுவார், அஞ்சலை வழக்கம்போல வேலைக்குப் போவார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் நவம்பரில் கொடியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பலகைக்கு முன்னால் நிற்கப் போகிறவன் நான்தான்.

விடிந்ததும் செந்திலை அழைத்துக்கொண்டு வைத்திலிங்கம் வீட்டுக்குப் போனேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நின்றபடியே சொன்னேன்.

"சார், போனவர் பெயரைத்தான் எழுதப் போகிறேன். யாரிடம் கேட்டேன் என்று கேட்காதீர்கள்."

"அஞ்சலதான் சொல்லியிருக்கும்."

"யார் சொன்னாலும் முதலில் சொன்னது நீங்கள்தான். பெயரை மட்டும்தான் அடுத்தவரிடம் கேட்டேன். இதனால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு தொந்தரவும் வரக்கூடாது."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் அப்பிடிப்பட்ட ஆளுன்னு நெனைக்கிறீங்களா?" பேப்பரை மடித்தார், பிரித்தார். "அங்க மாத்துனா யாருக்கும் ஒண்ணுமில்ல. இங்கதான் சார் தெரிஞ்சிடும்."

"இங்கே யாருக்குத் தெரியாது?" என்று கேட்டேன்.

சாந்தா கொண்டுவந்த காபியை நான் மட்டும் குடித்தேன். விடைபெற்றபோது வைத்திலிங்கம் எழுந்திருக்கவில்லை.

பண்ருட்டிப் பேருந்துக்காக நிழற்குடையில் நின்றேன். செந்தில் கிடைத்த நேரத்தில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகும் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அஞ்சலை என்னைப் பார்த்தும் பார்க்காதவர்போல நின்றார். அவருடைய பை அன்று கையிலேயே இருந்தது. அவரைச் சிக்கலில் மாட்டிவிட்டுப் போகிறேனோ என்று பயந்தேன்.

அப்போது வைத்திலிங்கம் வந்தார். பனியன்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, அவசரமாக நடந்து வந்தார். நேராகப் பெண்கள் பக்கம் போனார். அஞ்சலை பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"அஞ்சல" என்றார். "ஒங்க சின்னப்பையனுக்கு அப்பா பேரு இன்னா?"

அஞ்சலை பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தார்.

"வெறும் சின்னப்பையன்னு வெட்டுனா எந்தச் சின்னப்பையன்னு கேப்பாங்க. சாரு அங்க எழுதணும். அப்பா பேரு வேணும்."

ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை ஊரில் ஒருவர் முதல்முறையாக வாய்விட்டுச் சொல்லிவிட்டார். பெண்களில் ஒருத்தி இன்னொருத்தியின் முழங்கையை இடித்தாள். அஞ்சலை அவரை நிமிர்ந்து பார்த்து, "இருசன்" என்றார். "எங்க அண்ணனுக்கு அந்தப் பேருதான் வச்சாங்க."

"இருசன் மகன் சின்னப்பையன்" என்று வைத்திலிங்கம் என் பக்கம் திரும்பிச் சொன்னார். எழுதிக்கொள்கிறேனா என்று பார்த்தார். செந்திலிடம் பேனா வாங்கி எழுதிக்கொண்டேன். வேறு எதுவும் பேசாமல் வந்த வழியே போனார். எனக்கு அவர்மேல் கோபமும் இருந்தது, அவர் பின்னால் ஓடிப்போய்க் கையைப் பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது. பேனாவைச் செந்திலிடம் திருப்பிக் கொடுத்தேன்.

வண்டி வந்தது. பெண்கள் எல்லாரும் ஏறிய பிறகு அஞ்சலை உள்ளிருந்து சன்னல் பக்கம் வந்து என்னைக் கூப்பிட்டார்.

"சார், பேருதான் சின்னப்பையன். ஆளு நல்ல ஒசரமாம். எங்கப்பன் சொல்லும். அதையும் எழுதுவாங்களா?"

"அதெல்லாம் எழுத மாட்டார்கள் அம்மா."

"பரவால்ல. நீங்க தெரிஞ்சி வச்சிக்கங்க" என்றார். வண்டி கிளம்பிவிட்டது.

ஊர் திரும்பியதும் சங்கத் தலைவியிடம் நடந்ததைச் சொன்னேன். இரண்டு கூட்டம் போட்டார்கள். பழைய பெயர் ஆவணத்தில் இருப்பதால் அதை எடுக்க முடியாது என்று ஒருவர் பிடிவாதமாக நின்றார். கடைசியில், முத்துக்கருப்பன் பெயரில் வந்த இருசன் மகன் சின்னப்பையன் என்று இரண்டையும் சேர்த்து வெட்டுவதாக முடிந்தது. முழுத் திருப்தி இல்லை. ஆனால் நடந்தது அதுதான் என்பதால் ஒப்புக்கொண்டேன். அஞ்சலையின் மகன் வேலையில்தான் இருக்கிறான் என்று செந்தில் தொலைபேசியில் சொன்னார்.

பலகை வெட்டிய அன்று நான் பக்கத்தில் நின்றேன். மழை தூறியது. கல் வெட்டுபவர் இளைஞர், அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன். சின்னப் பையனா, அப்படியானால் ஆளும் சின்னவர்தானா என்றார்.

இல்லை, உயரமானவர் என்றேன். தலையை ஆட்டிவிட்டு உளியை எடுத்தார்.